அமைதி யாருக்காக?

பிறந்த ஊரை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் நகரங்களில் வேரூன்றிவிட்ட நமக்குச் சங்க மண்டபம் வெறுங் கட்டடம் அன்று. ஆண்டு முழுவதும் அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் பிறமொழி பேசிக் களைத்த நா அங்கேதான் இளைப்பாறுகிறது. பொங்கல் விழாவிலும் சித்திரைத் திருநாளிலும் அங்கே கூடும்போது, நம்மவர் நடுவில் இருக்கிறோம் என்னும் நிறைவு உண்டாகிறது. அந்த நிறைவு நம்முள் எல்லார்க்கும் கிடைக்கிறதா என்று நாம் கேட்டுப் பார்த்ததில்லை. கேட்கும்படி செய்தது ஒரு நிகழ்ச்சி.

தில்லியில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த பொங்கல் விழா அது. மேடையில் சிறுமியர் கும்மியடித்துக்கொண்டிருந்தனர், ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் தாய்க்கும் தந்தைக்கும் நடுவே இளைஞன் ஒருவன் அமர்ந்திருந்தான். வயது இருபதைக் கடந்துவிட்டது. பேச்சோ பத்துப் பன்னிரண்டு சொற்களோடு நின்றுவிட்டது. மூன்று வயது முதல் வலிப்பு நோயும் உண்டு. திடீரென்று அவன் தன் கன்னத்தில் தானே ஓங்கி அறைந்துகொண்டான், அலறினான், தடுக்க முயன்ற தாயின் தோளைக் கடித்தான். அவன் வீசிய கை பட்டு, முன்னிருந்த அம்மையார் ஒருவரின் பட்டுப்புடவையில் சர்க்கரைப் பொங்கல் சிந்தியது. “அவன் வேண்டுமென்று செய்யவில்லை, மாமி” என்று தாய் கைகூப்பினாள். “இப்படிப்பட்ட பிள்ளையை இங்கெல்லாம் ஏன் அழைத்து வர வேண்டும்?” என்று யாரோ சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. நம்மில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அதன்பின் நான்கு ஆண்டுகள் அக்குடும்பம் சங்கத்தின் பக்கம் வரவில்லை.

விழா முடிந்து மூன்று வாரம் கழித்துப் பல் மருத்துவர் ஒருவர் அந்த இளைஞனின் வாயைப் பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, வேர் வரை சீழ் பிடித்திருந்தது. கன்னத்தில் அறைந்துகொண்டவன் தன் வலி இருந்த இடத்தைக் காட்டியிருக்கிறான். அதை நாம் வெறி என்று கொண்டோம். பல்லைப் பிடுங்கியதும் அவன் முற்றும் சாந்தமாகிவிட்டான் என்று சொல்லிக் கதையை முடிக்க இயலாது. வலிப்பும் சினமும் இன்றும் வருகின்றன. ஆயினும் அன்று நாம் வழங்கிய தீர்ப்பு தவறானது என்பதில் ஐயமில்லை. அத்தவறு எங்கே தோன்றுகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயும் குணமும்

மனவளர்ச்சி குன்றியவர் என்று நேற்றுவரை சொல்லி வந்தோம். அறிவுசார் குறைபாடு உடையவர் என்று இன்று சொல்கிறோம். இவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு நோயும் சேர்ந்து இருக்கிறது. பொதுமக்களுள் நூற்றில் ஒருவர் அளவிலேயே காணப்படும் நோய் இவர்களிடம் இத்துணை மிகுந்திருப்பதில் வியப்பில்லை. மூளையின் அமைப்பில் நேர்ந்த ஊறே பலரிடம் இரண்டுக்கும் பொதுவான காரணம். உலகெங்கும் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக நல நிறுவனம் மதிப்பிடுகிறது. முறையான மருத்துவம் கிடைத்தால் அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் அது கூறுகிறது. ஆனால், அறிவுசார் குறைபாடும் உடன் இருப்பவரிடம் வலிப்பு எளிதில் அடங்குவதில்லை.

வலிப்பு என்றதும் கைகால் வெட்டி இழுப்பதும் வாயில் நுரை தள்ளுவதும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நோய்க்கு வேறு முகங்களும் உண்டு. சிலர் இருந்த இடத்திலேயே சில நொடிகள் சிலைபோல் வெறித்துப் பார்ப்பர். சிலர் உதட்டைச் சப்புக் கொட்டுவர், சட்டைப் பொத்தானைத் திருகுவர், காரணமின்றி எழுந்து நடப்பர். அதுவும் வலிப்பே. அப்போது “கூப்பிட்டால் திரும்பாத திமிர்” என்று ஆசிரியர் தலையில் குட்டினால், நோய்க்குத் தண்டனை கொடுத்தவர் ஆகிறார்.

வலிப்பு நின்ற பின்னும் மூளை உடனே தெளிந்துவிடுவதில்லை. சில நிமிடங்கள் முதல் சில மணி நேரம் வரை குழப்பம் நீடிக்கலாம். அந்த நிலையில் இருப்பவனை நாலு பேர் பிடித்து அமுக்கினால் அவன் திமிறுவான், கை ஓங்குவான். யார் பிடிக்கிறார், எதற்காகப் பிடிக்கிறார் என்பது அவனுக்குத் தெரியாது. கையில் சாவி கொடுப்பதும், செருப்பை முகரச் செய்வதும், வாயில் கரண்டியைத் திணிப்பதும் பயனற்றவை. சில வேளை தீங்கும் விளைப்பவை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு மெத்தென்று ஏதேனும் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அருகில் இருப்பதே செய்யத்தக்கது. ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மருந்தும் குணத்தை மாற்றக்கூடும். 1912 முதல் வலிப்புக்கு வழங்கி வரும் ஃபீனோபார்பிட்டால் சில குழந்தைகளை ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் ஓடச் செய்கிறது. இக்காலத்தில் பெரிதும் வழங்கும் லெவெடிராசெட்டம் சிலரிடம் எரிச்சலையும் சினத்தையும் தூண்டுகிறது. இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. வலிப்பு நின்று, மூளை மின்னலைப் பதிவும் சீரானபோது சிலருடைய மனநிலை மட்டும் கெடுவதை லாண்டோல்ட் என்னும் சுவிஸ் மருத்துவர் 1950களில் எடுத்துக் காட்டினார். “வலிப்பே மேல் என்று தோன்றுகிறது” என்று ஒரு தந்தை நம்மிடம் சொன்னபோது, அது நன்றி கெட்ட பேச்சாகத் தோன்றியது. இத்தகைய மாறுதலைத்தான் அவர் தம் வீட்டில் கண்டிருக்கக்கூடும். எனினும் பெற்றோர் தாமே மருந்தை நிறுத்திவிடலாகாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வந்து உயிருக்கே இடையூறு நேரலாம். கண்டதைக் கண்டபடி மருத்துவரிடம் சொல்லி, மருந்தை மாற்றும்படி கேட்பதே வழி.

ஆகவே ஒருவன் அலறும்போது அது வலிப்பின் பகுதியா, வலிப்புக்குப் பின்வந்த குழப்பமா, மருந்தின் விளைவா, மலச்சிக்கலா, காது வலியா, ஒலிபெருக்கியின் தொல்லையா, தனக்குப் பிடித்தமான ஒருவர் ஊருக்குப் போய்விட்ட ஏக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். நோயின் மூலத்தைத் தேடிய பின்பே மருந்து தேட வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்குச் சொன்ன முறை அண்டை வீட்டாருக்கும் பொருந்தும். “அவன் குணமே அப்படி” என்று நாம் சொல்லும்போது இந்தத் தேடல் நின்றுவிடுகிறது.

சொல்லில்லாதவனின் சொல்

சொல்லால் தன்னை விளக்க முடியாத நிலை எத்தகையது என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். இந்த நகரங்களுக்கு முதன்முதலாக வந்து இறங்கிய நாள்களை எண்ணிப் பார்ப்போம். ரேஷன் கடையில் நம் முறை வந்தும் பொருள் கிடைக்கவில்லை. நம் பக்கம் நியாயம் இருந்தும் எடுத்துச் சொல்ல மொழி இல்லை. அப்போது நாம் என்ன செய்தோம்? குரலை உயர்த்தினோம், கையை ஆட்டினோம், சில வேளை அட்டையை மேசைமேல் வீசிவிட்டு வந்தோம். கடைக்காரன் நம்மை முரடர் என்று கருதியிருப்பான். நாம் முரடர் அல்லர். மொழி இல்லாதவர், அவ்வளவே. நமக்கு அந்த நிலை ஓரிரு ஆண்டுகளில் தீர்ந்தது. இவர்களுக்கு அது வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது.

நம்மைப் போன்ற குடும்பங்களில் இத்துன்பம் இரட்டிப்பாகிறது. அந்த இளைஞன் அறிந்த பத்துப் பன்னிரண்டு சொற்களும் தமிழ்ச் சொற்கள். “வலி” என்று சொல்ல அவனுக்குத் தெரியும். அவன் பகலெல்லாம் இருந்த சிறப்புப் பள்ளியிலோ அச்சொல்லை அறிந்தவர் எவரும் இல்லை. மூன்று நாள் அவன் “வலி, வலி” என்று சொல்லியிருக்கிறான். ஏதோ ஒலி எழுப்புகிறான் என்று ஆயா எண்ணியிருக்கிறாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. அவனுடைய சொற்களை ஓர் அட்டையில் இந்தியில் எழுதி அவன் பையில் வைக்கலாம் என்பது வீட்டாருக்கும் தோன்றவில்லை. அண்டை அயலில் இருந்த நமக்கும் தோன்றவில்லை.

இத்தகைய குழந்தைகளிடம் வீட்டில் தாய்மொழி பேசாமல், ஊர்மொழி ஒன்றையே பேசுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை கூறுவோர் உண்டு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் அறிவுசார் குறைபாடுடைய குழந்தையின் பேச்சு மேலும் பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாயின் தாலாட்டு மொழியைப் பறித்துவிட்டால், தாயோடு பேசும் வழியையும் அக்குழந்தை இழந்துவிடும். தமிழை விடாமல் காப்பதற்காகச் சங்கம் வைத்த நாம், பன்னிரண்டு சொல் தமிழையே தன் செல்வமாகக் கொண்ட ஒருவனை அந்தச் சங்கத்தில் இருக்க விடவில்லை.

வினையும் பழியும்

இத்தகைய பிள்ளையைப் பெற்ற தாயிடம் “எல்லாம் முற்பிறப்பு வினை” என்று சொல்வது நம்மிடையே ஆறுதல் மொழியாக வழங்குகிறது. வினைக்கொள்கையின் மெய்ம்மையை இங்கே நாம் வழக்காட வரவில்லை. தன் துன்பத்தைத் தாங்குவதற்கு ஒருவன் அதை ஊன்றுகோலாகக் கொள்ளலாம். பிறர் துன்பத்தை அளக்க அதை நீட்டும்போது அது அடிக்கும் கோலாகிவிடுகிறது. கேட்ட தாய்க்கு அதில் ஆறுதல் இல்லை. சொன்னவருக்கு ஒன்று உண்டு: இனித் தாம் செய்ய வேண்டியது எதுவுமில்லை என்ற விடுதலை.

நம் மரபும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. புறநானூற்றுப் பாடல் ஒன்று, குறையோடு பிறக்கும் எட்டு வகைப் பிறப்புகளை அடுக்கி, அவற்றை எச்சம் என்று வகுக்கிறது. மனிதர் கணக்கில் மிஞ்சிப் போனவர் என்ற எண்ணம் இன்றைய நம் மௌனத்திலும் இருக்கிறது. ஆனால் பெரியபுராணத்தில் வேறொரு காட்சியைக் காண்கிறோம். கொல்லிமழவனின் மகளை முயலகன் என்னும் நோய் பற்றியது. வலிப்புக்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர் அது. எந்த முயற்சியாலும் தீராதபோது, தந்தை அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துத் திருக்கோயிலில் கொண்டுவந்து கிடத்தினான். அங்கே வந்த ஞானசம்பந்தர், அவள் என்ன பாவம் செய்தாள் என்று கேட்கவில்லை. இந்தப் பெண்ணை வாட விடுவது உமக்குப் பெருமையா என்று பொருள்படும் வினாவை இறைவனை நோக்கியே எழுப்பிப் பதிகம் பாடினார். நோயுற்றவள்மேல் ஒரு சொல் பழியும் இல்லை. அவளைக் கோயிலுக்குள் கொண்டுவந்ததை யாரும் தடுத்ததாகவும் கதை சொல்லவில்லை. அற்புதத்தை நம்புவோரும் நம்பாதோரும் இந்தப் பண்பை ஏற்கலாம்.

சட்டமும் தன் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டது. வலிப்பு நோய் உள்ளவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்று கருத இடமளித்த சொல் இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து 1999ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஏட்டிலிருந்து அச்சொல் போனது போல் நம் பேச்சிலிருந்து போய்விடவில்லை.

சங்கிலியும் மாத்திரையும்

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினர். இறந்தோர் 28 பேர். மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் கூடாது என்று தடை செய்தது. அந்தச் சங்கிலிகளைப் பூட்டியவர்கள் எல்லாரும் கொடியவர் அல்லர். ஊர் அமைதியாக இருக்க வேண்டும். அதற்கு ஒருவனைக் கட்டிவைத்தால் போதும் என்று எண்ணியவர்கள். அந்த எண்ணத்துக்கு இரும்புதான் வேண்டும் என்பதில்லை.

அறிவுசார் குறைபாடுடையவர் சினந்து அடிக்கும்போது, அவரை அடக்குவதற்கென்று மனநோய் மருந்துகளைக் கொடுப்பது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. இதைச் சோதித்த ஆய்வொன்று 2008இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. இங்கிலாந்து, வேல்ஸ், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஆகிய இடங்களைச் சேர்ந்த 86 பேர் அதில் பங்கு கொண்டனர். மூன்று பிரிவினருள் ஒரு பிரிவுக்கு ரிஸ்பெரிடோன், மற்றொரு பிரிவுக்கு ஹாலோபெரிடால், மூன்றாம் பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டது. நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது மூன்று பிரிவிலும் சினம் தணிந்திருந்தது. வெற்று மாத்திரை உண்டவரிடமே அது மிகுதியாகத் தணிந்திருந்தது. மனப்பிறழ்ச்சி இல்லாத இத்தகையோர்க்கு இம்மருந்துகளை வழக்கமாகக் கொடுப்பது ஏற்கத்தக்கதன்று என்பது ஆய்வாளர் முடிவு. வலிப்பும் உள்ளவரிடம் இன்னுமோர் எச்சரிக்கை தேவை. அடக்கும் மருந்துகளில் சில, வலிப்பு வரும் வாய்ப்பையே கூட்டக்கூடும்.

வெற்று மாத்திரை ஏன் பயன் தந்தது? ஆய்வின் பொருட்டு யாரோ ஒருவர் வந்தார், அருகில் இருந்து கவனித்தார், கேள்வி கேட்டார், பராமரிப்பவரும் புதிய நம்பிக்கையோடு அவரைப் பார்த்தார். மருந்தைவிட அந்தப் பார்வை வேலை செய்திருக்கலாம் என்று நாம் எண்ணுகிறோம்.

மருந்தே வேண்டா என்பது நம் கருத்தன்று. மனநோய் உடன் சேர்ந்திருப்பவருக்கு அது இன்றியமையாதது. தன் தலையைச் சுவரில் மோதிக்கொள்பவனைக் காக்க எல்லாம் செய்தே ஆக வேண்டும். ஆனால், ஒருவனை அமைதிப்படுத்தும் ஒவ்வொரு செயலுக்கு முன்னும் நாம் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: இந்த அமைதி யாருக்காக? அவன் வலி தீர்ந்து, அச்சம் நீங்கி, தானே அமைதியடைந்தால் அது அவனுடைய அமைதி. வலி உள்ளே இருக்க, அலறும் வலிமை மட்டும் பறிக்கப்பட்டால் அது நம்முடைய அமைதி. அந்தப் பொங்கல் நாளில் ஒரு மாத்திரை கொடுத்து அவனை உறங்க வைத்திருந்தால் பட்டுப்புடவை கறைபட்டிராது. பல்லின் சீழ் மட்டும் ஒருவருக்கும் தெரியாமல் பரவிக்கொண்டிருந்திருக்கும்.

தாயின் தோள்

இவ்வாறு எழுதுவது எளிது. அடி வாங்குவது நாம் அல்லோம், அந்தத் தாய். அவள் தோளில் பல் பதிந்த தழும்புகள் உள்ளன. இரவில் வலிப்பு வருமோ என்ற அச்சத்தால் அவள் முழு இரவு உறங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மூத்த மகன் வேலைக்குப் போனான். இளைய மகளின் திருமணப் பேச்சு இருமுறை தடைப்பட்டது. “நீங்கள் தெய்வத்தாய்” என்று புகழ்ந்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். தெய்வம் என்று ஏற்றிவிட்டால் களைப்பைச் சொல்லும் உரிமையும் அவளிடமிருந்து போய்விடுகிறது. ஒருநாள் அவளும் பொறுமை இழந்து மகனை அடித்ததுண்டு, அடித்தபின் அழுததுண்டு. மகனைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை என்றால், அவளைப் பழிக்கவும் நமக்கு உரிமை இல்லை.

ஊரில் இருந்திருந்தால் ஒரு பாட்டியோ சித்தியோ ஒரு மணி நேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த உறவுகளை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறோம். அந்த இடத்தை நிரப்பத்தான் சங்கம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வாரத்தில் இரண்டு மணி நேரம் இருவர் போய் அந்த இளைஞனோடு இருந்தால் தாய் உறங்கலாம். மருத்துவமனைக்குத் துணையாகச் சென்று, தமிழில் சொன்னதை இந்தியில் எடுத்துரைக்கலாம். எப்போது அலறினான், அதற்கு முன் என்ன நடந்தது, என்ன உண்டான், எப்படி உறங்கினான் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதக் கைகொடுக்கலாம். மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ளது குறைவு.

எல்லாவற்றுக்கும் மேலாக, “எங்களுக்குப் பின் இவனுக்கு யார்?” என்ற கேள்வி அப்பெற்றோரை இரவும் பகலும் அரிக்கிறது. பதினெட்டு வயது நிரம்பியவர்க்கும் சட்டப்படி காப்பாளரை நியமிக்க, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டில் நிறைவேறியது. சட்டம் காப்பாளர் பெயரை ஏட்டில் எழுதும். அந்தப் பெயருக்கு உரிய மனிதர் எங்கிருந்தாவது வர வேண்டும். அவர் நம் நடுவிலிருந்து வராவிட்டால் வேறெங்கிருந்து வருவார்?

சென்ற பொங்கலுக்கு முன் நம்மில் மூவர் அந்த வீட்டுக்குச் சென்றோம். நான்கு ஆண்டு தாமதத்துக்கு என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை, சொல்லவும் இல்லை. தாய் காப்பி கொடுத்தாள். “அவன் சத்தம் போடுவான்” என்று மட்டும் சொன்னாள். போடட்டும் என்றோம். விழாவன்று மண்டபத்தின் பக்கத்து அறையில் ஒலிபெருக்கியை அணைத்து, விளக்கைக் குறைத்து, ஒரு பாயும் விரித்து வைத்தோம். அவன் சிறிது நேரம் சபையிலும் சிறிது நேரம் அறையிலுமாக இருந்தான். நாடகத்தின் நடுவே இருமுறை உரக்கக் கத்தினான். சிலர் திரும்பிப் பார்த்தனர். பட்டுப்புடவைக்கார அம்மையார்தான் முதலில் எழுந்து போய், “என்னடா கண்ணா, எங்கே வலிக்கிறது?” என்று கேட்டார்.

அவன் விடை சொல்லவில்லை. மேடையில் நாடகம் தொடர்ந்து நடந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இன்றேனும் தமிழில் கேட்கப்பட்டதே என்று எண்ணியபடி நாமும் நம் இடத்தில் அமர்ந்திருந்தோம்.